அவள் கேட்காத கடைசிப் பக்கம்

என் மூத்த மகள் கன்னியர் மடத்துக்குப் போகிற வருடம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. புதுச் சேலை கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை. மடத்துக்குப் போகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? நான் வருடக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்த ஒரு கிட்டார் இசையை, அதன் முடிவு வரைக்கும், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாள். அதை என்னால் கொடுக்க முடியவில்லை. ஆண்டவர் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறார், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் ஜெபமாலை முடிந்து வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகு நான் மட்டும் இன்னும் கொஞ்சம் முழந்தாளில் இருப்பது இதை நினைத்துத்தான்.

நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் பார்ப்பது என் வேலை. நொறுக்கிப் புளிக்க வைத்த கொழுந்தைச் சூட்டில் காய வைத்துத் தூளாக எடுக்கிற யந்திரம் அது. படிப்பு அதிகமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு, பிறகு சாமிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம். அங்கே கோயில் பாட்டுக் கூட்டத்தில் சேர்த்ததால் ஐந்து கோட்டில் எழுதிய வெள்ளைக்கார இசையை வாசிக்கப் பழகினேன். அதை வைத்துத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசிப்பேன்.

கிட்டார் எனக்கு வந்தது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். அப்போது எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை சீமைக்குத் திரும்பிப் போனார். பங்களாவில் சமையல் வேலையிலிருந்த என் மச்சான், துரை விட்டுப்போன சாமான்களோடு அதையும் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்க மச்சான், நான் வச்சிருந்தா அடுப்புலதான் வப்பேன்" என்று கொடுத்தான். ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு போட்ட நல்ல கிட்டார். நரம்பு அறுந்தபோது வேறு வாங்க வழியில்லை. துரைமார் ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்கப் பயன்படுத்துகிற தூண்டில் நைலோனை நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்து மேல் மூன்று நரம்புக்கும் கட்டினேன். கேட்க மோசமில்லை.

ஆனால் வாசிக்க எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கிட்டார் என்றாலே பைலா என்கிற ஆட்டப்பாட்டும் சாராயமும்தான். கோயிலில் பூசைப் பாட்டுக்கு வாசிக்கிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சும்மா தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தேயிலைப் பெட்டிகளோடு லொறியில் நானுஓயா ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். சாமான் ரயில் ஒன்று எதிர்வண்டிக்காகக் காத்து நின்றது. அதன் கடைசிப் பெட்டியிலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், வெள்ளைக்காரர் கலப்பில் வந்த பறங்கிக்கார கார்டு ஒருவர் கொடியையும் லாந்தரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அது பைலா இல்லை. மேலே ஒருவர் மெதுவாக ஏதோ கேட்பதும் கீழே இன்னொருவர் யோசித்துப் பதில் சொல்வதும் போல இருந்தது. இருப்பதோ ஒரு ஆள், ஒரு கிட்டார். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அவர் நிறுத்தியதும், "ஐயா, இது கோயில் பாட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் வண்டி தண்டவாளம் மாறுகிற மாதிரி குலுங்கிக் குலுங்கி வரும். "செஞ்ச ஆள் கோயில் ஆள் மேன். இருநூறு வருசத்துக்கு மேல. ஜெர்மன் தேசம். கோயில்ல ஓர்கன் வாசிச்சவர். ஆனா இது ஆட்டத்துக்குச் செஞ்சது."

"இதுக்கு எப்பிடிங்க ஐயா ஆடுறது?"

"இப்போ யாரும் ஆட மாட்டான். அவர் கிட்டாருக்கும் எழுதல்ல. வேற வாத்தியத்துக்கு எழுதினது. பின்னாடி வந்த ஆள் ஒருத்தன் கிட்டாருக்கு மாத்தி எழுதினான். நீ நோட் வாசிப்பியா?"

வாசிப்பேன் என்றேன். நம்பவில்லை. அச்சடித்த காகிதத்தை நீட்டினார். முதல் வரியை நான் வாயால் மெதுவாகப் பாடிக் காட்டியதும் எழுந்து நின்றுவிட்டார்.

மொத்தம் நாலு பக்கம். முழுவதையும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, "எழுதிட்டுத் திருப்பிக் கொண்டு வா, அடுத்தது தர்றேன்" என்றார். அவர் வண்டி வருகிற நாளும் எங்கள் லொறி போகிற நாளும் ஒத்துவந்தால்தான் பார்க்க முடியும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் சில சமயம் வருடமே ஓடிவிடும்.

பார்த்து எழுத நல்ல தாள் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற மெழுகுத்தாளில் கிழிசல் கொஞ்சம் எடுத்து வந்தேன். அதில் ஐந்தைந்து கோடாகப் போட்டுத் தந்தது என் மூத்தவள். அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், அடுத்த கோடு இழுப்பாள். நான் புள்ளிகளை எழுத எழுத, "இது மேல பேசுறவங்களா, கீழ பேசுறவங்களா?" என்று கேட்பாள். நான் அப்படி அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

கை பழகுவதுதான் பெரிய பாடு. டிரையர் தட்டு இழுத்துக் காய்த்த விரல். முதல் பக்கத்தின் தலையில் ஆறாவது நரம்பைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. அது எனக்கு விளங்காமல் பல மாதம் எட்டாத இடத்துக்கெல்லாம் விரலை நீட்டி நோகடித்துக்கொண்டேன். அடுத்த தடவை கார்டு ஐயாவைப் பார்த்தபோது, "அட மேன், தடிச்ச நரம்பை ஒரு சுரம் இறக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இறக்கியதும் கீழே பேசுகிறவருக்குத் தொண்டை திறந்த மாதிரி ஆகிவிட்டது.

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்: "என்ன தம்பி, பொழுதுக்கும் சுதிதான் கூட்டுறீங்க? பாட்டு எப்ப வரும்?"

என் மனைவி இந்தப் பக்கமிருந்து பதில் சொல்லுவாள்: "பாட்டு இந்தியாவுலருந்து வரணுமாம் அண்ணே, பாஸ்போட்டு கெடைக்கலையாம்!"

அவளுக்கு அந்த இசை பெரிதாகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மூத்தவளுக்கு அப்படியில்லை. மாலையில் கொழுந்துக் கூடை இறக்கி வைத்து, கைகால் கழுவி, ஜெபமாலை முடிந்ததும் வந்து உட்காருவாள். படிப்பை நிறுத்தி அவளும் கொழுந்து பறிக்க மலைக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. மூன்று பக்கமும் எனக்குக் கைக்கு வந்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் மேலே பேசுகிறவர் ஒரு கேள்வி கேட்பார். அதோடு தாள் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் நான் நிறுத்துவேன், அவள் பெருமூச்சு விட்டுச் சிரிப்பாள்.

"பதில் என்னப்பா சொல்லியிருப்பாங்க?"

"கார்டு ஐயா வந்தாத்தான் தெரியும்."

"அவர வண்டியோட யாரோ களவெடுத்துட்டாங்க போல."

உண்மையாகவே அவரை வெகுகாலம் காணவில்லை. வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள்.

மடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் ஒரு வாரம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. தாய் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் உள்ளுக்குள்ளே பெருமையும் இருந்தது. எங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையை ஆண்டவர் கேட்கிறார் என்றால் சும்மாவா? பங்குச் சாமியார் வந்து விவரமெல்லாம் சொன்னார். மடம் கொழும்புக்கு அப்பால் கடற்கரையில். போனால் வீட்டுக்கு வர விட மாட்டார்கள். துறவற வாக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு தாய் தகப்பன் போய்ப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை தொடங்குகிற நேரத்தில் ஸ்டேசனில் கார்டு ஐயாவைக் கண்டேன். சீருடை இல்லை, கோட்டுப் போட்டிருந்தார். குடும்பத்தோடு ஒஸ்ட்ரேலியா போகிறாராம். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். "இங்க எங்களுக்கு இனி சரிவராது மேன்" என்றார். எங்களுக்கோ, இந்தியாவா இலங்கையா, எந்த நாடு சரிவரும் என்றே தெரியாத காலம். அவர் பையிலிருந்து நாலாவது பக்கத்தை எடுத்தார். எழுதித் திருப்பித் தரவும் சொல்லவில்லை. "வச்சிக்க" என்று என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னதும் மூத்தவள் துள்ளினாள். "இப்ப வாசிங்கப்பா!"

"பழகணும்மா. கன்னாபின்னான்னு வாசிச்சா அது பதிலா இருக்காது."

"அப்ப நான் போறதுக்கு முன்னால. முழுசா, மொதல்லருந்து. அரைகுறையா எனக்குக் கேக்க வேணாம்."

அவள் புறப்படுவது திங்கட்கிழமை என்றும், முந்தின ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசிப்பது என்றும் முடிவானது. அவள் காதில் விழாமலிருக்க ஸ்டோரில் சாப்பாட்டு நேரத்தில் கடைசிப் பக்கத்தைப் பழகினேன். அதனால் கிட்டாரை வீட்டுக்கும் ஸ்டோருக்கும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

ஆடி மாதத்து மழை எங்கள் பக்கத்தில் எப்படியென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுவரில் தண்ணீர் வியர்க்கும். பெட்டிக்குள் வைத்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும். கிட்டாரின் கழுத்து ஊறி, நரம்பு கட்டையில் உராய்ந்து கரகரத்தது. அதன் வயிற்றில் தட்டினால் ஈரப் பலகைச் சத்தம். இந்த நிலைமையில் எப்படி வாசிப்பது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

நான் தேயிலைக்காரன். ஈரம் பட்டால் தூள் கெட்டுப்போகும், காய்ந்த இடத்தில் வைத்தால் நிற்கும். என் வேலையில் இருபத்துநாலு மணி நேரமும் படித்த பாடம் இது. ஸ்டோரின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். மழைக் காலத்தில் கீழே என் டிரையர் அடுப்பிலிருந்து இளஞ்சூட்டுக் காற்றை அங்கே அனுப்புவோம். அந்த மாடியின் ஒரு மூலையில், சுத்தமான சாக்கில் சுற்றிக் கிட்டாரைத் தொங்கவிட்டேன். கொழுந்தைக் கருக்காத சூடு மரத்தை என்ன செய்துவிடும்?

இரண்டு மூன்று நாளில் கரகரப்புப் போய்விட்டது. சத்தம் மணி மாதிரி வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோசம். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அங்கேயே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. மலையிலிருந்து வந்த கொழுந்து முழுக்கத் தண்ணீர். தட்டில் போட்டால் சொட்டியது. விடிவதற்குள் வாடியாக வேண்டும் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா சத்தம் போட்டார். அடுப்பில் விறகை அடுக்கி, மேல்மாடிக்குப் போகிற விசிறியை முழுசாகத் திறந்துவிட்டேன். கிட்டார் அங்கே இருக்கிறது என்று தெரியும். பயம் வரவில்லை. ஈரம் இன்னும் நன்றாக இழுபடும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை சாக்கைப் பிரித்தேன். முன்பலகை மேலிருந்து கீழ் வரை வெடித்திருந்தது, விரல் நுழைகிற மாதிரி. நரம்பைத் தாங்குகிற கட்டை பிய்ந்து, நரம்பில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

தோட்டத்து ஆசாரியிடம் ஓடினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"கொழுந்து சுருங்கணும்னுதானே அங்க போடுறீங்க? மரம் மட்டும் சுருங்காதா?"

அவ்வளவு எளிமையான விசயம். இத்தனை வருடம் சூட்டோடு வேலை செய்தவனுக்கு அது தோன்றவில்லை.

அவர் நல்ல மனிதர். வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிறு போட்டு இறுக்கினார். "ஒரு வாரம் தொடக்கூடாது" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும், பொழுது சாய வாசிக்கிறேன் என்று மூத்தவளுக்குத் தவணை சொல்லிவிட்டு ஆசாரியிடம் போனேன். நான் கெஞ்சியதால் பின்னேரம் கயிற்றை அவிழ்த்தார். நரம்பை முறுக்கினோம். மூன்றாவது நரம்பு சுதிக்கு வருவதற்குள் கட்டை மறுபடி பிய்ந்து கொண்டு வந்தது. ஆசாரி வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், மச்சான் கோழி அடித்திருந்தான். மூத்தவள் என்னைப் பார்த்ததுமே எழுந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் உடனே சரியாக்கிக்கொண்டாள்.

"பரவாயில்லப்பா."

"வாயால பாடிக் காட்டவாம்மா? எனக்கு மனப்பாடம்."

பாட ஆரம்பித்தேன். மேலே பேசுகிறவரைப் பாடினால் கீழே பேசுகிறவர் இல்லை. கீழே போனால் மேலே ஆள் இல்லை. அந்த இசை ஒரு தொண்டைக்கு அடங்குவது இல்லை. நாலு வரி கூடப் போகவில்லை, அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாதியா வேணாம்ப்பா. திரும்பி வர்றப்ப கேட்டுக்கிறேன்."

திரும்பி வருகிற இடத்துக்கு அவள் போகவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் நானுஓயாவில் வண்டி ஏற்றிவிட்டோம். வண்டி நகர்ந்த பிறகும் அவள் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள்.

கிட்டாரைக் கண்டிக்கு அனுப்பிச் சரி பண்ண வெகு நாளாயிற்று. வந்த பிறகு மூன்று பக்கத்தை வீட்டில் வாசிப்பேன். நாலாவது பக்கத்தை ஸ்டோருக்குப் பின்னால் தனியாகப் போய்த்தான் பழகினேன். அவள் கேட்பதற்கு முன் வேறு ஆள் கேட்பது சரியில்லை என்று மனதில் பட்டது. முதல் வார்த்தைப்பாடு முடிந்து பார்க்க வரலாம் என்று மடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கிட்டாரைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நானும் மனைவியும் புறப்பட்டோம்.

பயந்ததெல்லாம் மடத்துத் தலைவியான மதருக்குத்தான். மடத்துக்குள் கிட்டாரா என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். மதர் வயதான வெள்ளைக்கார அம்மா. விசயத்தைக் கேட்டுவிட்டு, அந்த இசை செய்தவரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். கண் விரிந்தது. "தாராளமாக. விருந்தினர் அறையில் வாசியுங்கள்" என்றார்.

மூத்தவள் வெள்ளை உடுப்பில் வந்தாள். மெலிந்திருந்தாள், முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. தாயோடு பேசினாள், தங்கச்சிகளை விசாரித்தாள், பக்கத்து வீட்டு அண்ணனின் இருமல் வரைக்கும் கேட்டாள். நான் கம்பளியைப் பிரித்தேன். அவள் எழுந்து வந்து கிட்டாரின் மேல் கை வைத்தாள்.

"அப்பா, கோவிச்சிக்கக் கூடாது."

"என்னம்மா?"

"வார்த்தைப்பாடு குடுக்கிறப்ப எங்ககிட்ட சொன்னாங்க, மனசுக்கு ரொம்பப் புடிச்சது ஒன்ன ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கன்னு. மத்த பிள்ளைங்களுக்கு வீடு இருக்கு, நகை இருக்கு. எங்கிட்ட என்ன இருந்திச்சி? இதுதான் இருந்திச்சி. அந்தப் பதிலக் கேக்காமலே இருந்துக்கிறேன்னு குடுத்துட்டேம்ப்பா."

"மதரே விட்டுட்டாங்களேம்மா."

"மதர் விடுவாங்க. குடுத்தது நானு."

என் மனைவி சட்டென்று, "அடிப் பாவி, அந்த மனுசன் இத கொழந்த மாதிரி தூக்கிட்டு வந்திருக்காருடி" என்றாள். மூத்தவள் கண் கலங்கினாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

காணிக்கை வைத்ததைத் திருப்பி எடு என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? சின்ன வயதிலிருந்து அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "நல்லதும்மா" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. மணி அடித்தது, அவள் போனாள். கம்பளியை மறுபடி சுற்றினேன்.

திரும்பி வருகிற வண்டியில் கூட்டம். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற காலம். வெள்ளை உடுத்த சிங்களச் சனங்கள், ஹட்டனில் இறங்கி மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறவர்கள், பெட்டி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார்கள். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மலை ஏறும்போது ஒரு இளந்தாரி என் மடியிலிருந்ததைக் கண்டுகொண்டான். "மாமே, கிட்டார் எகக்னே! சிந்துவக் கியமு!" என்று சிங்களத்தில் பாட்டுக் கேட்டுத் தொடையைத் தட்டினான். நான் தலையாட்டி மறுத்தேன். அவன் விடவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பாமல், "வாசிங்க" என்றாள்.

"அதையா?"

"அதத்தான். நானும் ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்லையே."

தடித்த நரம்பை ஒரு சுரம் இறக்கி, முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். வண்டிச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போனது. ஆட்டப் பாட்டு வரும் என்று காத்திருந்த இளந்தாரிகள் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்கள். எதிரே இருந்த கிழவி கையைக் கூப்பிக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் என் விரல் பழக்கத்தில் நின்றது. பிறகு போனது. கீழே பேசுகிறவர் மெதுவாகப் பதில் சொன்னார். அது நீளமான பதில் இல்லை. மேலே கேட்டதையே கொஞ்சம் மாற்றி, தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லிவிட்டு, இருவரும் ஒரே சுரத்தில் வந்து நிற்பார்கள். அவ்வளவுதான்.

"ஹரி லஸ்ஸனய்", ரொம்ப அழகு என்றாள் கிழவி.

என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவ்வளவு சின்னதாவா முடியுது? இதக் கேட்டிருந்தா அன்னைக்கே மறந்திருப்பா அவ" என்றாள்.

இருக்கலாம். ஹட்டனில் அந்தச் சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார்கள். முன்பின் தெரியாத அத்தனை பேரும் அதை முழுசாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.